பொழுது அடையாத வீடு

செம்மணப்பட்டினம் கப்பல்காரத் தெருவில், அந்த வருஷத்து முதல் நோன்பன்று, பள்ளிவாசல் மோதினார் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அந்தியின் மக்ரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, எல்லா வீடுகளிலும் பொழுது அடைந்தது, முத்து ஜொஹராவின் வீட்டில் மட்டும் அடையவில்லை. அவள் வீட்டு முற்றத்தில் வெயில் மேற்குச் சுவரின் தலைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. முருங்கையின் நிழல் நீண்டு நீண்டு வந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தொட்ட இடத்தில், வந்த வேலை முடிந்ததுபோல நின்றுவிட்டது. சாயங்காலம் வாய் திறக்க ஆரம்பித்த அந்திமந்தாரைப் பூக்கள் பாதி திறந்த வாயோடு அப்படியே இருந்தன. ஜொஹரா கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பாங்கைக் கேட்டாள், வெயிலைப் பார்த்தாள், மறுபடி பாங்கைக் கேட்டாள். ஐம்பத்துமூன்று வயதுக்குள் எத்தனையோ ரமலானைப் பார்த்தவள்தான், ஆனால் காதை நம்புவதா கண்ணை நம்புவதா என்ற கேள்வி இதுவரை வந்ததில்லை. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தெருவில் இருட்டு இறங்கி, விளக்குக் கம்பத்தில் ஈசல் மொய்த்தது. திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் பகல். பழத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, மேற்கு வீட்டுக் காத்தூனைக் கூப்பிட்டாள்.

காத்தூன் வாயில் வாடாவோடு வந்தாள். வாடா என்பது இறால் வைத்துப் பொரிக்கிற அரிசிமாவுப் பலகாரம். நோன்பு திறக்கிற நேரத்தில் அந்த ஊர்க்காரர்கள் வாயில் வேறு எதுவும் இருக்காது. முற்றத்தைப் பார்த்தாள். கடித்ததை விழுங்கினாள்.

“அல்லாவே! என்னா லாத்தா, உங்க வீட்டுல இன்னும் அசர் நேரமா இருக்கு?”

“அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நான் நோன்பு திறக்கலாமா, கூடாதா?”

“என்னைக் கேட்டா? நான் உங்க வீட்டுக்குள்ள நிக்கிறேன், வாயில வாடா இருக்கு. என் நோன்பு முறிஞ்சுச்சா இல்லையான்னு முதல்ல சொல்லுங்க.”

இரண்டு பேருக்கும் தெரியாததால் பள்ளிவாசலுக்கு ஆள் போயிற்று. அங்கே தொழவைக்கிற அசரத் வந்தார். முப்பது வயதுகூடத் தாண்டாதவர், ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, யார் என்ன கேட்டாலும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார். முற்றத்தில் நின்று நெற்றிக்கு மேல் கையை வைத்துச் சூரியனைப் பார்த்தார், வாசலுக்குப் போய் இருட்டைப் பார்த்தார், இரண்டு மூன்று முறை உள்ளேயும் வெளியேயும் நடந்தார், தொண்டையைச் செருமினார்.

“பாங்கு அடையாளம்தான் லாத்தா. சூரியன் அடையறதுதான் முக்கியம். உங்க முற்றத்துல அது அடையல, தெருவுல அடைஞ்சிருச்சு. ஆள் எங்க நிக்கிறாங்களோ அந்த இடத்துப் பொழுதுதான் அவங்களுக்கு. நீங்க வாசப்படியைத் தாண்டி நின்னு பழத்தை வாயில போடுங்க.”

“அப்ப நான்?” என்றாள் காத்தூன்.

“நீங்க உங்க வீட்டுல திறந்துட்டுத்தானே வந்தீங்க. இனிமே இங்க வரும்போது வாயைத் துடைச்சிட்டு வாங்க.”

ஜொஹரா வாசற்படியைத் தாண்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுத்தெருவில் நின்று முதல் நோன்பைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலை இல்லை, மத்தியானம் இல்லை, ராத்திரி இல்லை, எந்நேரமும் அந்த இரண்டு விரல் வெயில்தான். ஊர் அதை ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டது, புதிதாக வந்த மருமகனைப் பழகிக்கொள்வதுபோல. இரண்டாம் நாள் அவள் வாசலில் ஒரு பெஞ்சு வந்தது, மூன்றாம் நாள் பெஞ்சைச் சுற்றிப் பழைய சேலையில் ஒரு திரை வந்தது, நான்காம் நாள் திரைக்குள் பள்ளிவாசல் கஞ்சி ஒரு தூக்கு நிறைய வந்து காத்திருந்தது. விடியுமுன் உண்கிற சஹருக்கும் அவள் அங்கேயே உண்டு, அங்கேயே நோன்பு பிடிப்பதாக நிய்யத் வைத்து, பிறகு எழுந்து தன் வீட்டுச் சாயங்காலத்துக்குள் போனாள். ஜமாஅத்து அச்சடித்து ஒட்டிய நோன்பு நேர அட்டவணையின் அடியில், பொடி எழுத்தில், ‘கப்பல்காரத் தெரு பதினேழாம் எண் வீடு நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ந்தது. தையல் மைமூன் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முற்றத்தில் போட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் பெருநாள் உடுப்புத் தைத்தாள்; டியூப் லைட்டில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது, லாத்தா வீட்டு வெயிலில் தெரிகிறது என்றாள். வடகம் காயவைத்தார்கள், மிளகாய் காயவைத்தார்கள், மழைநாளில் தெரு முழுக்க ஈரத்துணியை அங்கேதான் கொண்டுவந்து உலர்த்தினார்கள். சாயங்கால அசர் தொழுகையைத் தவறவிட்ட சோம்பேறிகள் எட்டு மணிக்கு ஓடிவந்து, ‘இங்க இன்னும் வக்து இருக்கு’ என்று முன்கூடத்தில் தொழத் தக்பீர் கட்டப் பார்க்க, அசரத் செருமக்கூட மறந்து அவர்களை விரட்டினார். ஊர்க் காகங்கள் அடைகிற நேரம் தெரியாமல் முருங்கையில் வந்து விடிய விடியச் சண்டை போட்டன. கோழிகள் கூட்டுக்குள் போகவே இல்லை, முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டன, கூட்டு வாசலில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன.

ஜொஹராவும் அந்தக் கோழிகளைப் போலத்தான் இருந்தாள். தூக்கம் வரவில்லை. ஜன்னல்களில் கம்பளி கட்டிப் பார்த்தாள், வாசல் இடுக்கில் துணி திணித்துப் பார்த்தாள். கம்பளிக்குப் பின்னால் கிடைத்தது கம்பளியின் இருட்டு, ராத்திரியின் இருட்டு அல்ல, அது வேறு என்று கண்ணை மூடிய உடனே தெரிந்துவிட்டது. கணவன் கொழும்பில் மவுத்தாகி ஒன்பது வருஷம், மகள் பினாங்கில். தனியாக இருப்பவளுக்கு ராத்திரி ஒரு துணை என்பதை அது வராமல்போன பிறகுதான் அறிந்தாள்.

ஆனால் தூக்கம்கூடப் பெரிதில்லை. அவள் நெஞ்சை அறுத்தது கூடம். அவள் உம்மாவின் காலத்திலிருந்து அந்த வீட்டின் நீளக் கூடத்தில்தான் தெருப் பெண்கள் நோன்பு மாதத்து ராத்திரித் தொழுகையான தராவீஹைத் தொழுதார்கள். நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்தின் பாதியிலேயே ஜொஹரா கூடத்துக்கு வெள்ளையடித்து, தொழுகைப் பாய்களை வெயிலில் உதறி, சாம்பிராணி வாங்கி, தண்ணீர்ப் பானைகளைக் கவிழ்த்துக் கழுவி, வருகிற மாதத்தை வாசலில் நின்று கூப்பிடுவதுபோல எல்லாம் செய்து வைத்திருந்தாள். ராத்திரி இஷாவின் நேரமே நுழையாத வீட்டில் தராவீஹுக்கு எப்படி நிற்பது? பெண்கள் ஒரு நாள் காத்தூன் வீட்டில் தொழுதார்கள், இடம் போதாமல் பாதிப் பேர் அடுப்படியில் நெற்றியை வைத்து சுஜூது செய்தார்கள். இரண்டு நாள் மூன்று வீடாகப் பிரிந்தார்கள். ஐந்தாம் நாள் எல்லாரும் பல்கீஸின் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பல்கீஸ் ஜொஹராவின் தங்கை. அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மா மவுத்தான பிறகு வீட்டை இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாக்கி, நீளக் கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, சுவரில் ஒரு கதவு வைத்தார்கள். தெரு நெடுக எல்லா வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு நடுக்கதவு உண்டு. பெண்கள் தெருவில் கால் வைக்காமலே மேற்குக் கோடி வீட்டிலிருந்து கிழக்குக் கோடி வீடு வரைக்கும் கறிக் கிண்ணத்தோடும் கதையோடும் நடந்து போய்விட்டு வரலாம். பதினோரு மாதமாக அந்தப் பாதை பாதியில் முறிந்து கிடந்தது. ஜொஹராவுக்கும் பல்கீஸுக்கும் நடுவிலிருந்த கதவு இரண்டு பக்கமும் தாழ் போட்டிருந்தது.

காரணம் பிறை. பல்கீஸின் புருஷன் நெய்னார் வெளிநாட்டுப் பிறைத் தகவலை ஏற்கிற கூட்டம். ஜொஹரா, ஊர்ப் பள்ளியில் சொன்னால்தான் பிறை. போன வருஷம் பல்கீஸுக்குப் பெருநாள் வந்த அன்று ஜொஹராவுக்கு முப்பதாம் நோன்பு. காலை பதினொரு மணிக்கு, புது உடுப்பும் கண்ணில் சுர்மாவுமாக, நெய்ச்சோறும் கறியும் குவித்த பெரிய சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு பல்கீஸ் நடுக்கதவு வழியாக வந்து, “பெருநாள் முபாரக் லாத்தா!” என்றாள். நினைவு தெரிந்த நாள்முதல் எல்லாப் பெருநாளிலும் இருவரும் அந்த ஒரே சஹனில்தான் கைபோட்டு உண்டார்கள், அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனாள், அவ்வளவுதான். ஜொஹராவுக்கு அது கேலியாகப் பட்டது. வெறும் வயிற்றில் நெய் வாசம் ஏறியதும் கோபமும் ஏறியது.

“உனக்குப் பெருநாளா இருக்கலாம். என் வீட்டுல இன்னும் பொழுது அடையல,” என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அந்தப் பக்கம் சஹனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து அந்தப் பக்கத்துத் தாழும் விழுந்தது.

அந்த வார்த்தையையும் இந்த வெயிலையும் சேர்த்து யாரும் பேசவில்லை. தெருவுக்கே தெரிந்திருந்தது, அதனால் யாரும் பேசவில்லை.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு ஜொஹரா தன் கூடத்தில், வெயிலில், சுருட்டிவைத்த பாய்களுக்கு நடுவில் நின்றிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பெண்கள் எழுந்து குனிகிற துணிச் சரசரப்பும், ஓதுகிற ஆலிமாவின் குரலும், பின்வரிசையில் ஏதோ ஒரு பச்சைக் குழந்தையின் அழுகையும் கேட்கும். அவள் தெருப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தொழுதுவிட்டு வருவாள்.

“நீங்களும் வாங்களேன் லாத்தா,” என்றாள் காத்தூன். “தெரு வழியா சுத்தி வந்தா யாரு கேக்கப் போறா?”

“என் கூடத்துப் பாதியில நான் விருந்தாளியாப் போய் நிக்கவா?”

“உங்க கூடத்துல சூரியன் விருந்தாளியா வந்து ஒக்காந்திருக்கே, அது மட்டும் பரவாயில்லையா?”

நாட்கள் போகப் போக ஜொஹராவுக்கு ஒரே பயம்தான் இருந்தது: இருபத்தேழாம் இரவு. ஆயிரம் மாதங்களைவிட மேலான அந்த இரவை அவள் சமைந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தைத் தவிர வேறெங்கும் விழித்திருந்து கழித்ததில்லை. இரவே வராத வீட்டுக்கு அந்த இரவு மட்டும் எப்படி வரும்? இருபத்தைந்தாம் நோன்பன்று அசரத்தை அழைத்துக் கேட்டாள்.

“வேற வீட்டுல தொழுதாலும் நன்மை குறையாது லாத்தா.”

“எனக்கு அது தெரியும் அசரத்து. என் கவலை அதில்ல. அன்னைக்கு வானத்துலேர்ந்து மலக்குகள் இறங்கி வருவாங்க. இந்த வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்துட்டு, நேரந்தப்பி வந்துட்டோம் போலன்னு திரும்பிப் போயிருவாங்களே.”

அசரத் செருமினார். படித்த கிதாபுகளில் அதற்குப் பதில் இருந்ததாக நினைவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர் நடுக்கதவின் தாழைப் பார்த்து அங்கேயே கண்ணை வைத்தார். “கடல் காத்துல இரும்பு தாங்காது,” என்றார். “தேங்காயெண்ணெய் விட்டா கொஞ்சம் இளகும்.” சொன்னதற்கே பயந்தவர்போல ஸலாம் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

மறுநாள், இருபத்தாறாம் நோன்பு, மணி மூன்றரை. இருக்கட்டும், இரவு வந்தாலும் வராவிட்டாலும் கூடம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஜொஹரா ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து நடுக்கதவின் அடியில் நின்றாள். கதவின் கீழ் இடுக்கில் ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. அழுக்கு என்று துடைத்தாள், போகவில்லை. விரலை விட்டாள். விரல் நுனி குளிர்ந்தது. குனிந்து காதை வைத்தாள். அந்தப் பக்கத்தில் சில்வண்டு கத்தியது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்த மூன்றரை மணிக்கு, சஹர் முடிகிற நேரத்தின் ஈரக்காற்று இடுக்கு வழியாக அவள் முகத்தில் பட்டது.

“யாரு?” என்றது கதவுக்கு அந்தப் பக்கம்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

“நான்தான். உன் வீட்டுல ஏன் இருட்டா இருக்கு?”

“கரண்ட் இல்ல.”

“மூணரை மணிக்கு வெளிச்சம் வர கரண்ட் எதுக்குடி?”

அந்தப் பக்கம் யாரோ தரையில் உட்கார்கிற சத்தம் கேட்டது.

“விடியல லாத்தா. ரெண்டாம் நோன்புலேர்ந்து என் வீட்டுல விடியவே இல்ல.”

“முதல் நோன்பு.”

“உனக்கு முதல். எனக்கு ரெண்டு.”

“சரி, ஏதோ ஒண்ணு. ஏன்டி யாருக்கும் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? உன் வீட்டுல பகல் நிக்குதுன்னா ஊரே மாஷா அல்லாஹ்னு வந்து வடகம் காயப்போடுது. என் வீட்டுல விடியலன்னா? விடியாத வீடுன்னு பேர் வச்சு, பேரன் பேத்தி காலம் வரைக்கும் கூப்பிடுவாளுவ. பகல்ல தலைவலின்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.”

“நாப்பது பேர் வந்து தொழுதாளுவளே, ஒருத்திக்குமா தெரியல?”

“அவங்க ராத்திரிதானே வந்தாங்க. ராத்திரி எல்லா வீடும் ஒண்ணுதான்.”

“நெய்னார் என்ன சொல்றார்?”

“கடையிலேயே கிடக்கிறார். வீட்டுக்கு வந்தா கொட்டாவி வருதாம்.”

ஜொஹராவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “நோன்பு எப்படிப் பிடிச்ச?”

“பின்பக்கத்து முடுக்குல போய் நிப்பேன். நிய்யத் வச்சிட்டு, வெளுக்கிறதைப் பார்த்துட்டு, திரும்ப இருட்டுக்குள்ள வந்து உக்காந்துக்குவேன். இருட்டுல நோன்பு ரொம்ப நீளம் லாத்தா.”

ஜொஹரா கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு பலகைக் கனம்தான் இருந்தது. தன்னிடம் இல்லாத ராத்திரி எங்கே போயிற்று என்று அவள் இருபத்தாறு நாளாக மேற்கே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்; அது கிழக்கே, முதுகுக்குப் பின்னால், தங்கையின் வீட்டில் போகவழி தெரியாமல் தங்கியிருந்தது.

“அந்த சஹன் எங்க புள்ள?”

“இங்கதான். நீ கதவைச் சாத்தினப்போ கீழ வச்ச இடத்துலயே. கழுவி வச்சிருக்கேன். எடுத்து உள்ள வைக்க மனசு வரல.”

“சோத்தை என்ன பண்ணின?”

“தின்னோம். எங்க இறங்குச்சு.”

ஜொஹரா எழுந்து அடுப்படிக்குப் போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடும் அம்மிக் குழவியோடும் வந்தாள். தாழில் எண்ணெய் விட்டாள், குழவியால் தட்டினாள். அந்தப் பக்கத்திலும் தட்டுகிற சத்தம் கேட்டது. “மெல்லமா, மெல்லமா, விரலை நசுக்கிக்காத,” என்று இருவருமே சொன்னார்கள். துரு மாவாக உதிர்ந்தது. முதலில் ஜொஹராவின் தாழ் விட்டது, பிறகு தங்கையுடையது, கதவு ஒருமுறை முனகித் திறந்தது.

இடியோ காற்றோ எதுவுமில்லை. இருட்டு கணுக்கால் அளவுக்கு வெள்ளம்போல இந்தப் பக்கம் வந்தது, வெளிச்சம் நிலைப்படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது, இரண்டும் கலந்து தெளிந்தபோது இரண்டு வீட்டிலும் சாதாரணமான மூன்றரை மணி. மேற்குச் சுவரின் மேல் நின்ற வெயில், நேரம் தவறி வந்த ஆள் திருதிருவென்று விழித்துத் தன் இடத்துக்குப் போவதுபோல, உச்சியிலிருந்து சரிந்த இடத்துக்கு ஏறிப் போயிற்று. முருங்கை நிழல் தொட்டியை விட்டு விலகியது. காகங்கள் பறந்தன. முற்றத்தில் மைமூன் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, “யாரு லைட்டை மாத்துனது?” என்றாள்.

பல்கீஸ் நிலைப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“நரைச்சிட்டியேடி.”

“உனக்கு மட்டும் என்னவாம், வெயில்ல முகம் கறுத்து, காஞ்ச வடகமாட்டம் இருக்க.”

அன்றைக்குப் பாங்கு சொன்னபோது பொழுது சரியாக அடைந்தது. அந்திமந்தாரைகள் இருபத்தாறு நாளாகத் திறந்திருந்த பாதி வாயை முழுசாகத் திறந்தன. ராத்திரி கூடத்தின் இரண்டு பாதியிலும் பாய் விரித்து, கிழக்கு மேற்கு வீடுகளின் நடுக்கதவெல்லாம் திறந்து, பெண்கள் தெருவில் கால் வைக்காமல் வந்து நிறைந்தார்கள். ஜொஹரா தொழுகைக்கு நிற்குமுன் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். எல்லா மூலையிலும் இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது. வாசல் கதவை ஒரு சாண் திறந்தே வைத்தாள்.

பிறை மட்டும் மாறவில்லை. அந்த வருஷமும் நெய்னாருக்கு ஒரு நாள் முந்தியே பெருநாள் வந்தது. ஜொஹராவுக்கு முப்பதாம் நோன்பு. காலை பத்து மணி ஆகியும் நடுக்கதவு வழியாக எந்த வாசமும் வரவில்லை. ஜொஹரா எட்டிப் பார்த்தாள். பல்கீஸ் புது உடுப்போடு அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, பெருநாளும் அதுவுமா அடுப்பு பத்த வைக்கல?”

“உனக்கு வாசம் வரும்ல. மக்ரிபு ஆகட்டும்னு இருக்கேன்.”

“பெருநாளைக்குப் பட்டினி கிடக்கிறது ஹராம், தெரியுமா உனக்கு? தள்ளு.”

ஜொஹரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நெய் ஊற்றினாள், பட்டை கிராம்பு போட்டாள், கறியை வதக்கினாள், நெய் வாசம் முகத்தில் ஏறியபோது முகத்தைத் திருப்பவில்லை. சோறு பாதி வெந்தபோது ஒரு சந்தேகம் வந்தது, உப்புப் போட்டோமா இல்லையா என்று. நோன்பு வாயில் வைத்துப் பார்க்க மனமில்லை. கையில் அள்ளியதைப் பிஸ்மி சொல்லிப் போட்டாள். இறக்கி, சஹனில் குவித்து, கூடத்தின் நடுவில் நிலைப்படி ஓரம் வைத்தாள். பல்கீஸ் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து, தனியாக, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள்.

“உப்பு?”

“சரியா இருக்கு லாத்தா,” என்றாள் பல்கீஸ். ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

சாயங்காலம் மோதினார் மைக்கைத் தட்டினார், பாங்கு சொன்னார், எல்லா வீடுகளிலும் பொழுது அடைந்தது. பேரீச்சம்பழத்துக்குப் பிறகு ஜொஹரா சட்டியில் மிச்சமிருந்த சோற்றை ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. கடல் தண்ணீரில் வெந்ததுபோல இருந்தது. துப்பாமல் விழுங்கினாள். தண்ணீர் குடிக்க எழுந்தபோது, திறந்திருந்த நடுக்கதவுக்கு அந்தப் பக்கம், இருட்டில், பல்கீஸ் அன்றைக்குப் பத்தாவது தடவையாகக் குடத்தில் சொம்பை முக்குகிற சத்தம் கேட்டது.